நகல் இருந்தும் பதினான்கு நாள்

கிளவுட் மென்பொருளில் தரவைக் காப்பதும் மீட்பதும் எப்படி நடக்கின்றன? ‘பேக்கப் இருக்கிறது’ என்ற பதில் ஏன் போதாது?

2022 ஏப்ரல் 5, சர்வதேச நேரப்படி காலை 7.38. ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனத்தில் ஒரு நிரலை ஓடவிட்டார்கள். 8.01க்கு அது முடிந்தபோது 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்கள் அழிந்துபோயிருந்தன. திட்டப் பணிகளைக் கண்காணிக்கும் ஜிரா, ஆவணங்களைச் சேர்த்துவைக்கும் கான்ஃப்ளுயன்ஸ், அவசர எச்சரிக்கைகளை உரியவருக்கு அனுப்பும் ஆப்ஸ்ஜீனி என அந்த நிறுவனங்களின் அன்றாட வேலையே அவற்றில்தான் இருந்தது.

பேக்கப் இல்லையா என்றால், இருந்தது. நல்ல நிலையிலும் இருந்தது. அழிவுக்கு ஐந்து நிமிடம் முன்புவரையிலான தரவை அதிலிருந்து மீட்க முடிந்தது. ஆனாலும் கடைசி வாடிக்கையாளரின் தளம் திரும்பி வந்தபோது ஏப்ரல் 18 ஆகிவிட்டது. சிலர் ஏறக்குறைய 14 நாள் தங்கள் சொந்தத் தரவைத் தொட முடியாமல் இருந்தார்கள்.

நகல் எடுப்பது வேறு, அதிலிருந்து மீட்பது வேறு. இரண்டையும் ஒன்றாகவே எண்ணிப் பழகிவிட்டோம். இன்று பள்ளிக் கட்டணமும் மருத்துவமனைப் பதிவும் கடைக் கணக்கும் வாடகை மென்பொருளில், யாரோ ஒருவருடைய சர்வரில் இருக்கின்றன. எனவே இந்த வேறுபாட்டைப் பொறியாளர்கள் மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதாது.

தவறு எங்கே நடந்தது?

அட்லாசியனின் நோக்கம் சிறியது. முன்பு தனியாக விற்ற ஒரு செயலி, முதன்மை மென்பொருளிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே பழைய செயலியை வாடிக்கையாளர்களின் தளங்களிலிருந்து நீக்க வேண்டும். அதற்காக ஒரு குழு இன்னொரு குழுவிடம் அடையாள எண்களின் பட்டியலைக் கொடுத்தது. கொடுத்திருக்க வேண்டியவை செயலியின் எண்கள். போனவை தளங்களின் எண்கள். நீக்கும் கட்டளை இரண்டு வகை எண்களையும் ஏற்றுக்கொள்ளும். தள எண் வந்தால் தளத்தையே நீக்கிவிடும். ‘நீக்கப்போவது செயலியா, முழுத் தளமா?’ என்று அது கேட்கவில்லை. நிரலைச் சரிபார்த்தவர்கள் எந்தக் கட்டளை எப்படி அழைக்கப்படுகிறது என்று பார்த்தார்கள், எண்களைப் பார்க்கவில்லை.

அழிந்தது முறையான நீக்கல் வழியில் என்பதால் கண்காணிப்புக் கருவிகள் எச்சரிக்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவரின் புகார்தான் முதலில் வந்தது. அதற்குப் பின்னும் ஒரு சிக்கல்: புகார் கொடுக்கத் தளத்தின் முகவரியும் செல்லுபடியாகும் கணக்கும் வேண்டும். இரண்டும் தளத்தோடு போயிருந்தன. யாரைத் தொடர்புகொள்வது என்ற விவரங்களும் போயிருந்ததால், நிறுவனமே பாதிக்கப்பட்டவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

நகல் எப்படி உருவாகிறது?

தரவுத்தளம் ஓயாமல் மாறிக்கொண்டிருப்பது. பாதி எழுதப்பட்ட நிலையில் அதன் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் முன்னுக்குப் பின் முரணான நகல்தான் கிடைக்கும். பணம் ஒரு கணக்கிலிருந்து கழிக்கப்பட்டிருக்கும், இன்னொன்றில் சேர்ந்திருக்காது. இதைத் தவிர்க்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

முதலாவது, ‘டம்ப்’. ஒரு குறிப்பிட்ட நொடியில் தரவுத்தளம் இருந்த நிலையை அட்டவணை அட்டவணையாக வெளியே எழுதுவது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இதற்கு ‘பிஜி டம்ப்’ என்ற கருவி உண்டு. வேறொரு சர்வருக்கும் புதிய பதிப்புக்கும் எளிதாக மாற்றலாம். ஆனால், தரவு பெருகப் பெருக எடுக்கவும் நேரமாகும், திரும்ப ஏற்ற அதைவிட அதிக நேரமாகும்.

இரண்டாவது, ‘ஸ்னாப்ஷாட்’. வட்டு முழுவதையும் ஒரு கணத்தில் உறையவைத்து எடுப்பது. விரைவானது, கிளவுட் நிறுவனங்கள் பெரும்பாலும் இதைத்தான் தருகின்றன.

மூன்றாவது, அடிப்படை நகலோடு மாற்றப் பதிவேட்டையும் சேர்த்து வைப்பது. தரவுத்தளம் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு லாக் கோப்பில் எழுதிவிட்டே செய்கிறது. அந்த லாக் கோப்புகளைத் தொடர்ந்து வெளியே சேமித்தால், அடிப்படை நகலை நிறுவி, அதன் மேல் மாற்றங்களை வரிசையாக ஓட்டி, விரும்பிய நிமிடத்தில் நிறுத்தலாம். பிற்பகல் 2.17க்கு ஒரு தவறான கட்டளை அட்டவணையை அழித்தது என்றால் 2.16 நிலைக்குத் திரும்பலாம். அமேசானின் ஆர்டிஎஸ் சேவை இப்படி 35 நாள் வரை பின்னோக்கிச் செல்ல வழி தருகிறது. மீட்கும்போது பழைய தரவுத்தளத்தின் மேல் அது எழுதுவதில்லை. புதிதாக ஒன்றை உருவாக்குகிறது. இது நல்ல ஏற்பாடு. மீட்டதைச் சரிபார்த்த பிறகே மென்பொருளை அதன் பக்கம் திருப்பலாம். மீட்பு தவறாகப் போனாலும் இருந்தது கெடாது.

இந்த மூன்றில் சேராதது ‘ரெப்ளிகா’. முதன்மைச் சர்வரில் நடப்பதை உடனுக்குடன் பின்பற்றும் இணைச் சர்வர் அது. முதன்மைச் சர்வர் பழுதானால் அந்த இடத்துக்கு வந்துவிடும். ஆனால், முதன்மையில் யாராவது தவறுதலாக அட்டவணையை அழித்தால், அந்த அழிப்பையும் அது நொடியில் பின்பற்றும். வன்பொருள் பழுதுக்கு ரெப்ளிகா மருந்து. மனிதப் பிழைக்கு அல்ல. ரெப்ளிகா இருக்கும் தைரியத்தில் பேக்கப்பைக் கவனிக்காமல் விடுவதுதான் இந்தத் தொழிலில் மிகவும் ஆபத்தான பழக்கம்.

ஒரே பேரேட்டில் பலர்

அட்லாசியனிடம் நகலும் இருந்தது, ரெப்ளிகாவும் இருந்தது. பிறகு ஏன் 14 நாள்?

மொத்த வியாபாரி ஒருவர் நூறு கடைக்காரர்களின் கணக்கையும் ஒரே பேரேட்டில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேற்று இரவு வரையிலான நகல் அவரிடம் இருக்கிறது. இன்று ஒரு கடைக்காரரின் பக்கங்கள் மட்டும் கிழிந்துவிட்டன. நேற்றைய நகலையே பேரேடாக வைத்துக்கொண்டால் மற்ற 99 பேரின் இன்றைய வரவுசெலவு தொலைந்துபோகும். எனவே நகலிலிருந்து அந்த ஒருவரின் வரிகளை மட்டும் தேடி எடுத்து, நடப்புப் பேரேட்டில் உரிய இடத்தில் சேர்க்க வேண்டும்.

கிளவுட் மென்பொருள் பெரும்பாலும் இப்படித்தான் கட்டப்படுகிறது. பல வாடிக்கையாளர்கள் ஒரே தரவுத்தளத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். அதனால்தான் மாத வாடகை கட்டுப்படியாகிறது. முழுத் தரவு மையமே விழுந்தால் எல்லோரையும் ஒருசேர மீட்க அட்லாசியன் தயாராக இருந்தது. ஒரு வாடிக்கையாளர் தவறுதலாகச் சில தரவுகளை அழித்தாலும் மீட்கத் தெரியும். ஆனால், நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை மட்டும் பிரித்தெடுத்து, மற்றவர்களின் சேவை நடந்துகொண்டிருக்கும்போதே திரும்பச் சேர்க்கும் தானியங்கி முறை அவர்களிடம் இல்லை.

முதலில், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதுத் தளம் உருவாக்கி அதில் பழைய தரவை ஏற்றினார்கள். புதுத் தளத்துக்குப் புது அடையாள எண். பயனர்கள், அனுமதிகள், இணைப்புகள், பிற நிறுவனங்களின் செயலிகள் என எல்லாமே பழைய எண்ணைச் சுட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டும். ஏறக்குறைய 70 படிகள். ஒரு தளத்துக்கு 48 மணி நேரம். இப்படி 112 தளங்கள் மீண்டன. அதற்குள் வேறு வழி கண்டுபிடித்தார்கள்: பழைய எண்களையே உயிர்ப்பித்துப் பயன்படுத்துவது. படிகள் 30 அளவுக்குக் குறைந்தன, ஒரு தளத்துக்கு 12 மணி நேரமே ஆனது. மீதி 771 தளங்களும் அப்படியே திரும்பின.

நிறுவனமே வெளியிட்ட விரிவான ஆய்வறிக்கையில் இவை அனைத்தும் உள்ளன. அதிலிருந்து பிறந்த உறுதிமொழிகளில் ஒன்று எல்லா மென்பொருளாளர்களும் பின்பற்றத் தக்கது: நீக்கச் சொன்னால் உடனே அழிக்காமல், நீக்கியதாகக் குறித்துவைத்து, சில காலம் கழித்தே உண்மையில் அழிப்பது. பேக்கப் வரை போகாமலேயே பல விபத்துகளை இது சரிசெய்துவிடும்.

ஐந்து வழிகளும் அடைபட்டபோது

மீட்பு தாமதமாவது ஒரு வகை. நகலே இல்லை என்பது நெருக்கடி நேரத்தில்தான் தெரியவருவது இன்னொரு வகை. 2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேபில் அது நடந்தது.

தளத்தில் சுமை கூடி, ரெப்ளிகா பின்தங்கிப்போனது. அதைப் புதிதாகத் தொடங்க, ரெப்ளிகா சர்வரின் தரவுக் கோப்புறையைக் காலிசெய்ய வேண்டும். நீண்ட நேரம் போராடிக்கொண்டிருந்த பொறியாளர், முதன்மைச் சர்வரில் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். ஏறக்குறைய 300 ஜிபி தரவில் மிஞ்சியது 4.5 ஜிபி.

பேக்கப்பைத் தேடினார்கள். தினமும் டம்ப் எடுத்து அமேசான் சேமிப்பகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தது; சேமிப்பகம் காலியாக இருந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பில் ஓட, டம்ப் கருவி 9.2 பதிப்பில் இருந்ததால் ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருந்தது. பிழையைச் சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சல்களில் உரிய டிஜிட்டல் கையொப்பம் இல்லாததால், பெறும் சர்வர் அவற்றைத் தள்ளிவிட்டது. கிளவுட் வட்டுகளின் ஸ்னாப்ஷாட் கோப்புச் சர்வர்களுக்கு எடுக்கப்பட்டது. மற்ற ஏற்பாடுகளே போதும் என்று எண்ணித் தரவுத்தளச் சர்வர்களுக்கு எடுக்கவில்லை. நகலெடுக்கவும் பிரதியெடுக்கவும் இருந்த ஐந்து வழிகளில் ஒன்றும் நம்பகமாக இயங்கவில்லை, அல்லது அமைக்கப்படவே இல்லை என்று அவர்களே அறிவித்தார்கள்.

காப்பாற்றியது தற்செயல். அதே பொறியாளர், வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தார். அது மெதுவான வட்டுகளில் கிடந்ததால் திரும்ப நகலெடுக்க ஏறக்குறைய 18 மணி நேரம் பிடித்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் உருவான சுமார் 5,000 திட்டங்களும், 5,000 கருத்துகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் போய்விட்டன.

கிட்லேப் மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. பொறியாளரைப் பலிகடா ஆக்கவில்லை. ‘பேக்கப்பை ஏன் யாரும் சோதிக்கவில்லை?’ என்ற கேள்விக்கு அது கண்ட விடை, அந்த வேலைக்குப் பொறுப்பாளர் என்று யாரும் இல்லை என்பது. கருவிகளின் பழுதைவிட இந்த விடைதான் அதிக நிறுவனங்களுக்குப் பொருந்தும்.

நகல் எங்கே இருக்கிறது?

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்தது. சில வாடிக்கையாளர்களின் மூலத் தரவும் நகலும் அதே வளாகத்தில் இருந்தன. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ‘ஜி டிரைவ்’ அமைப்பின் 858 டெராபைட் அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியே நகல் வைக்கப்படவில்லை.

தீயைப் போலவே திருட்டும். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கணக்குக்குள் நுழைந்த ஒருவர் பணம் கேட்டு மிரட்டினார். நிறுவனம் கட்டுப்பாட்டை மீட்க முயன்றதும் தரவையும் பெரும்பாலான பேக்கப்பையும் அழித்தார். நிறுவனம் அத்தோடு மூடப்பட்டது. நகல் வேறு கட்டடத்தில் இருந்தால் மட்டும் போதாது, வேறு கடவுச்சொல்லின் கீழும் இருக்க வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வெளியிடத்தில் என்ற ‘3-2-1’ விதியோடு, குறிப்பிட்ட காலம்வரை நிர்வாகியால்கூட அழிக்க முடியாத ஒரு பிரதியையும் இன்று சேர்க்க வேண்டும். நகலைப் பூட்டும் குறியீட்டுச் சாவியும் அந்த நகலோடு சேர்ந்து தொலையாத இடத்தில் இருக்க வேண்டும். சாவி போனால் நகல் வெறும் எண்குவியல்.

கேட்க வேண்டிய கேள்விகள்

துறையில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. எவ்வளவு நேரத்துத் தரவை இழக்க நேரலாம் என்பது ஆர்பிஓ. சேவை எவ்வளவு நேரத்தில் திரும்பும் என்பது ஆர்டிஓ. இரவு 12 மணிக்கு மட்டும் நகல் எடுத்தால், மறுநாள் இரவு 11 மணி விபத்தில் 23 மணி நேர வேலை போகும். ரசீது போடும் கடைக்கும் ரத்தப் பரிசோதனை முடிவுகளைச் சேமிக்கும் ஆய்வகத்துக்கும் இது தாங்காது.

மென்பொருளை வாடகைக்கு எடுக்கும் எவரும் விற்பவரிடம் இவற்றைக் கேட்கலாம்: அந்த இரண்டு அளவுகளும் என்ன? என் தரவை மட்டும் தனியாக மீட்க முடியுமா, எத்தனை மணி நேரத்தில்? நகல் எந்த ஊரில், யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது? என் தரவை நானே அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ள வழி உண்டா? மீட்புப் பொறுப்பு யாருடையது? கடைசியாக எந்தத் தேதியில் நகலிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள்?

கடைசிக் கேள்விக்கான விடையில் மற்றவை அடங்கிவிடும். ஒழுங்காகச் செய்பவர்கள், நேற்றைய நகலை ஒரு வெற்றுச் சர்வரில் நிறுவி, அட்டவணைகளின் வரிகளை எண்ணி, சில பதிவுகளை மூலத்தோடு ஒப்பிட்டு, ஆன நேரத்தைக் குறித்துவைப்பார்கள். இதைத் தானியங்கியாகவே செய்யலாம், செலவும் பெரிதல்ல. தரவு வளர வளர அந்த நேரமும் வளரும் என்பதால் ஒருமுறை செய்து விட்டுவிடவும் முடியாது.

தேதியையும் மணிக்கணக்கையும் சொல்லத் தெரிந்தவரிடம் நம் கணக்கையும் நோயாளிகளின் விவரங்களையும் ஒப்படைக்கலாம். ‘பேக்கப் தானாகவே நடக்கிறது’ என்று மட்டும் சொல்பவரிடம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒருமுறை மீட்டுக் காட்டச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை. தயங்காமல் கேட்க வேண்டும்.