குமிழ்முனைப் பேனாவும் தெளிந்த எழுத்தும்

எழுத்து மங்கினால் மாணவர் பேனாவை அழுத்துவர். அழுத்தியும் மங்கினால் பேனாவையே பழிப்பர். அதன் அமைப்பை அறிந்தார்க்கு இவ்விரண்டும் வேண்டா.

ஹங்கேரியப் பத்திரிகையாளரான லாஸ்லோ பிரோ, செய்தித்தாள் அச்சுமை விரைவில் உலர்வதைக் கண்டார். அத்தகைய தடித்த மை ஊற்றுப்பேனாவின் நிப்பு வழியே ஒழுகாது. ஆதலின், முனையிலே சுழலும் சிறு குண்டொன்றை அமைத்து, 1938 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மேலிருந்து இறங்கும் மை குண்டிற் படிய, குண்டு உருண்டு அதனைத் தாளில் இடுகின்றது. குண்டினை உருட்டுவது தாளின் உராய்வே. உராய்வு குன்றின் குண்டு வழுக்கும்; எழுத்து மங்கும்.

ஆகவே, வன்மையான மேசைமீது ஒற்றைத் தாளை வைத்து எழுதாது, அடியில் வேறு சில தாள்களை இடுதல் நன்று. குண்டு சற்றே பதிந்து செவ்வனே உருளும். பேனாவை மிகச் சாய்த்தலாகாது. சாய்ப்பின், குண்டைப் பற்றியுள்ள உலோக விளிம்பு தாளில் உரசும். கைவியர்வையும் எண்ணெய்ப் பசையும் தாளிற் படியாவண்ணம் காத்தல் வேண்டும். கருமையை விரும்புவோர் 0.7 மில்லிமீற்றர் முனையை விடுத்து 1 மில்லிமீற்றர் முனையைத் தெரிந்து கொள்ளலாம். முனையில் மை உலர்ந்திருப்பின், சொரசொரப்பான தாளில் வட்டமிட்டு உருட்ட மீண்டும் இறங்கும்.

பரீட்சகர் வாசிக்கவியலாத விடை எழுதப்படாத விடையே யாகும். ஆண்டு முழுதும் கற்றதனை அடியிலிடும் நான்கு தாள்கள் காக்குமாயின், அவற்றை இட மறத்தல் தகுமோ?