சாவுக் கணக்கு

1991 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, மாஸ்கோவில் கிரெம்ளின் மாளிகையின் உச்சியிலிருந்து செங்கொடி இறக்கப்பட்டது. உலகில் ஒரு சாரார் வெற்றி முரசு கொட்டினர். மற்றொரு சாரார் மார்பில் அடித்துக்கொண்டனர். கொட்டியவர்களும் சரி, அடித்துக்கொண்டவர்களும் சரி, ஒன்றைக் கேட்க மறந்தார்கள். அந்தக் கொடியில் இருந்த சுத்தியலுக்குச் சொந்தக்காரன், ஆலைத் தொழிலாளி, அவன் என்ன ஆனான்?

அவன் செத்துக்கொண்டிருந்தான்!

மேடைக்காகச் சொல்லவில்லை, கணக்கு வைத்துச் சொல்கிறோம். 1987-ல் ருஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 65. 1994-ல் அது 58-க்கும் கீழே இறங்கிவிட்டது. ஏழே ஆண்டுகளில் ஏழாண்டு ஆயுள் பறிபோயிற்று! மீண்டும் 65-ஐத் தொட 2013 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1991-ல் இருந்த அளவிலேயே சாவு நின்றிருந்தால், 1992 முதல் 2001 வரை 25 முதல் 30 லட்சம் நடுவயதினர் கூடுதலாக மாண்டிருக்க மாட்டார்கள் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டனர். அவர்களில் பெரும்பகுதி உழைக்கும் வயதிலிருந்த ஆண்கள்.

இந்தக் கணக்கை யார் எடுத்தார்கள்? பல நாட்டு அறிஞர்கள் கூடி எடுத்தார்கள். எளிதில் எடுத்துவிடவில்லை. பழைய சோவியத் ஆட்சி சாவுக் கணக்கைப் பூட்டி வைத்திருந்தது. 1970-களில் குழந்தைச் சாவு கூடியபோது, கூடியதைத் தடுப்பதற்கு முன்னால் அதை வெளியிடுவதைத் தடுத்தார்கள்! பூட்டு திறந்ததும் பாரிஸ் ஆராய்ச்சியாளரும் மாஸ்கோ ஆராய்ச்சியாளரும் ஒரே மேசையில் அமர்ந்து, 1965 முதல் யார் எந்தக் காரணத்தால் இறந்தார் என்ற கணக்கைச் சீர்செய்தனர். அதில் ஒரு கசப்பான உண்மையும் வெளிவந்தது. ருஷ்ய ஆணின் ஆயுள் 1960-களின் நடுவிலிருந்தே தேயத் தொடங்கிவிட்டது. 1985-ல் கொர்பசேவ் மதுவைக் கட்டுப்படுத்தியபோது சிறிது ஏறிற்று. கட்டுப்பாடு தளர்ந்ததும் மீண்டும் இறங்கிற்று. ஆகவே பழைய வீடு பழுதில்லாத வீடு என்று நாம் சொல்ல மாட்டோம்.

பிறகு ஆராய்ச்சி ஊர் ஊராகப் போயிற்று. யூரல் பகுதியில் இஷெவ்ஸ்க் என்று ஓர் ஆலை நகரம். லண்டன் ஆராய்ச்சியாளரும் உள்ளூர் மருத்துவரும் சேர்ந்து, 2003-க்கும் 2005-க்கும் இடையே இறந்த 25 முதல் 54 வயதுவரையுள்ள ஆண்களின் வீட்டுக் கதவைத் தட்டினர். அந்தச் சாவுகளில் 43 சதவிகிதத்துக்குக் கேடான குடியே காரணம் என்று 2007-ல் எழுதினர். வோட்கா மட்டுமா? வாசனைத் தைலத்தையும் மருந்துச் சாராயத்தையும்கூடக் குடித்திருக்கிறார்கள்!

'பார்த்தீர்களா, குடித்துச் செத்தான். யார் என்ன செய்வது?' என்று கைகழுவுவோர் உண்டு. நாம் கேட்கிறோம்: ஒரு நாட்டு ஆண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் ஏன் குவளையை எடுத்தார்கள்?

1992 ஜனவரி 2-ல் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்த ஓர் ஆண்டிலேயே விலைவாசி சுமார் 26 மடங்கு ஏறிற்று. வாழ்நாள் சேமிப்பு வெறும் காகிதமாயிற்று. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் ஆளுக்கொரு 10,000 ரூபிள் சீட்டுக் கொடுத்து, ஆலைகளைத் தனியாருக்கு மாற்றத் தொடங்கினர். அங்கே ஆலை என்றால் வெறும் கூலி மட்டுமல்ல. குடியிருப்பு, மருத்துவமனை, குழந்தைகள் பள்ளி, உணவுக்கூடம், எல்லாம் ஆலையைச் சார்ந்தவை. ஆலை சாய்ந்தால் ஊரே சாயும். சாய்ந்தது!

2009-ல் டேவிட் ஸ்டக்லர், லாரன்ஸ் கிங், மார்ட்டின் மெக்கீ ஆகிய மூவர் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் ஒரு குண்டைப் போட்டனர். ஆலைகளை மொத்தமாகத் தனியாருக்குக் கொடுத்த நாடுகளில் உழைக்கும் வயது ஆண்களின் சாவு ஏறத்தாழ 13 சதவிகிதம் கூடிற்று என்றனர். மறுப்பு வராமல் இருக்குமா? அமெரிக்கப் பேராசிரியர்கள் ஜான் ஏர்லும் ஸ்காட் கெல்பாக்கும் அதே புள்ளிவிவரத்தை வேறு வழியில் போட்டுப் பார்த்து, இந்தத் தொடர்பு நிலைக்கவில்லை என்றனர். வழக்கு முடியவில்லை. கிங்கின் குழுவினர், ருஷ்ய ஆராய்ச்சியாளரையும் சேர்த்துக்கொண்டு, ஒரே தொழிலை நம்பி வாழ்ந்த ஊர்களுக்குப் போய், பெற்றோர், உடன்பிறந்தோர், கணவர் எப்போது இறந்தனர் என்று மக்களிடமே கேட்டனர். அவசரமாக ஆலை கைமாறிய ஊர்களில், நிதானமாகக் கைமாறிய ஊர்களைவிட ஆண்களின் சாவு அதிகம் என்று 2017-ல் அறிவித்தனர்.

போலந்தையும் பாருங்கள். 1990 ஜனவரியில் அங்கேயும் விலை பறந்தது. வேலையில்லாத் திண்டாட்டமும் வந்தது. ஆனால் ஆலைகளை மொத்தமாகக் கைமாற்றுவதில் நிதானம் காட்டினார்கள். அங்கே 1992 முதல் ஆயுள் ஏறத் தொடங்கிற்று.

தோழர்களே, அந்த 2009 கட்டுரையில் இன்னொரு வரியும் இருக்கிறது. நமக்கு உரிய வரி அதுதான். மக்களில் 45 சதவிகிதத்துக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு சங்கத்திலோ, சபையிலோ, கழகத்திலோ சேர்ந்திருந்த நாடுகளில், மொத்த விற்பனைக்கும் சாவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லையாம்!

'சோவியத் தொழிலாளி எல்லாரும் யூனியனில் இருந்தார்களே, அவர்களை ஏன் காக்கவில்லை?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இருந்தார்கள், ஏட்டில்! அந்த யூனியன் விடுமுறை விடுதிக்குச் சீட்டுக் கொடுத்தது, சந்தா பிடித்தது, மேலிடம் சொன்னதற்குக் கை தூக்கியது. அதிகாரியை எதிர்த்து நின்று பழகவில்லை. அரசு விழுந்த அன்று, அரசின் தோளில் தொங்கிய சங்கமும் விழுந்தது. மாதக்கணக்கில் சம்பளம் வராதபோது கதவைத் தட்டிக் கேட்க ஆள் இல்லை. தொழிலாளி தனி ஆளானான். தனி ஆளுக்குத் துணை குவளைதான்.

இது மறுக்க முடியாத நிரூபணம் என்று அறிஞர்கள் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. அவர்கள் வாதாடட்டும், வாதாடித்தான் உண்மை தேறும். ஆனால் அவர்களுடைய ஏடுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடம் இது. உறுப்பினர் சீட்டு பெட்டியில் கிடப்பதால் சங்கம் ஆகிவிடாது. மூன்று நாள் வேலைக்கு வராதவன் வீட்டுக்கு யார் போய்ப் பார்த்தார்கள்? அதைச் சொல்லுங்கள். உங்கள் சங்கம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று நாம் சொல்கிறோம்.