சொடுக்கொலியும் இசையும்

2015இல் வெளிவந்த 'பாகுபலி' திரைப்படத்தின் காலகேயர்க்கென மதன் கார்க்கி ஆக்கிய கிளிக்கி மொழியில் நாச்சொடுக்கு ஒலிகள் பயில்கின்றன. அவ்வொலி கொடியோர்க்குரியது, இசைக்கு ஒவ்வாதது எனும் எண்ணம் இதனால் வலுப்பெறலாம்.

இரக்கத்தால் நாம் உச்சுக் கொட்டுவதும் சொடுக்கொலியே. தென்னாபிரிக்காவின் கோசா மொழியிலோ அது சொல்லுள் வரும் மெய். அம்மொழிப் பாடலை மிரியம் மக்கேபா உலகறியப் பாடினார். சொடுக்கொலி நீளாதென்பது உண்மையே. நன்னூல் கூறும் ஒற்றளபெடையிலும் வல்லினம் இடம்பெறாது. எனினும் வல்லினம் பயிலத் தமிழில் பாடுகின்றோம். பண்ணைச் சுமப்பது உயிர்.

ஆகவே இழிவு ஒலியிலன்று, அதனை யார்க்கு உரியதாக்குகின்றோம் என்பதிலேயே உள்ளது. புறக்கோட்டைக் கடைகள் எரிந்த 1983 யூலையில், கொழும்புத் தமிழர் உச்சரிப்பைக் கொண்டும் இனங்காணப்பட்டுத் தாக்கப்பட்டனர். ஒலியால் மாந்தரைத் தரம்பிரித்தல் கற்பனைக் கதையோடு நிற்பதன்று.