குளத்து நீரில் பிசிருயிர்கள்

குளத்து நீரைக் கண்ணாடிக் குவளையொன்றில் அள்ளி வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால், மிக நுண்ணிய வெண்புள்ளிகள் அசைவதைச் சிலவேளை காணலாம். அவற்றுள் பரமேசியமும் இருக்கக்கூடும். இது ஒரேயொரு கலத்தாலான உயிர். நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் காற்பங்கு.

இதன் உடலெங்கும் ஆயிரக்கணக்கான மெல்லிய பிசிர்கள் உண்டு. காற்றடிக்கும்போது நெற்கதிர்கள் அலையலையாய்ச் சாய்வதைப்போல் இவை ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கின்றன. அதனாலேயே இவ்வுயிர் நீந்துகிறது. உணவும் வாய்ப்பள்ளத்தினுள் தள்ளப்படுகிறது. இதன் முக்கிய உணவு பற்றீரியா.

அப்படியானால் குளத்து நீர் தானாகவே சுத்தமாகிவிடுமா? இல்லை. பரமேசியம் எல்லாக் கிருமிகளையும் உண்டு தீர்ப்பதில்லை. மேலும், பிசிருயிர்களுள் மனிதருக்கு நோய் தருவதாக அறியப்பட்ட ஒன்றும் உண்டு. அதன் பெயர் பலன்ரிடியம். இது பன்றியின் குடலில் வாழ்வது. பன்றிக்குப் பெரும்பாலும் நோய்க்குறி தோன்றாது. பன்றியின் எச்சத்தோடு வெளியேறும் இவ்வுயிர், தடித்த உறையினுள் உயிரோடிருக்கும். மழைவெள்ளத்தோடு கிணற்றைச் சேர்ந்தால், அந்நீரைக் குடிப்போருக்கு வயிற்றோட்டமும் வயிற்றுளைவும் உண்டாகலாம்.

எனவே நாம் செய்யவேண்டியவை மூன்று. பன்றிக்கூட்டைக் கிணற்றிலிருந்து தூரத்தே, பள்ளப் பக்கமாக அமைப்போம். வெள்ளம் உட்புகாதபடி கிணற்றுக்குக் கட்டுக் கட்டுவோம். குடிநீரை நன்கு கொதிக்கவைத்து, ஆறியபின் மூடிவைப்போம்.

இடம்பெயர்ந்து வந்த இடத்தில் விறகு தேடுவது எவ்வளவு சிரமம் என்பதை நாம் அறிவோம். ஆயினும் கிடைக்கும் விறகில் முதற்பங்கு பிள்ளைகளின் குடிநீருக்காகட்டும். கண்ணுக்குத் தெளிவான நீரெல்லாம் சுத்தமான நீரல்ல.