சிறியோரை இகழாதிருப்போம்



பாடசாலைச் சீருடையைக் கண்டதும் "வயிறு நோகுது" என்று அழும் பிள்ளையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். சில வேளைகளில் நோவது வயிறு அன்று. முதல்நாள் வகுப்பில் கேட்ட ஒரு சொல். "உன் தலைக்குள் களிமண்தான்", "அண்ணன் கெட்டிக்காரன், நீ ஏன் இப்படி?" என்று ஆசிரியர் சொல்ல, வகுப்பே சிரித்திருக்கும். தரம் இரண்டில் படிக்கும் குழந்தைக்கு ஆசிரியரின் சொல் வேதவாக்கு. தான் மக்கு என்பதையும் அது நம்பிவிடும்.

இவ்வேளையில் சில பெற்றோர் பிள்ளையையே ஏசுவர். வேறு சிலர் பிள்ளையின் முன்னிலையில் ஆசிரியரைத் திட்டுவர். இரண்டாலும் பிள்ளையின் காயம் ஆறாது.

1847இல் பிறந்த தோமஸ் அல்வா எடிசனின் தாய், பாடசாலைக் கடிதத்தை மாற்றி வாசித்து உண்மையை மறைத்ததாக ஒரு கதை உலவுகிறது. எடிசன் தாமே கூறியது வேறு. ஆசிரியர் தம்மை மூளை குழம்பியவன் என்று சொல்லக் கேட்டு, அவர் தாயிடம் முறையிட்டார். முன்பு ஆசிரியையாக இருந்த நான்சி அம்மையார் மகனை நம்பினார். பாடசாலைக்குச் சென்று நேரில் பேசினார். பின்னர் வீட்டிலேயே கற்பித்தார். வீட்டில் கற்பிக்க எல்லோராலும் இயலாது. பிள்ளையை நம்பவும் ஆசிரியருடன் நேரில் பேசவும் நம்மால் இயலும்.

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சிறுபிள்ளை ஒன்றை நடுவில் நிறுத்தி, சிறியோரை இழிவாக எண்ணாதிருக்க எச்சரித்த ஆண்டவர், அதே அதிகாரத்தில், தவறிழைத்த சகோதரரிடம் முதலில் தனித்துச் சென்று பேசவும், கேளாவிடில் ஓரிருவரை அழைத்துச் செல்லவும், அதன்பின் திருச்சபையிடம் கூறவும் பணிக்கிறார். சிறியோரின் மாண்பைக் காப்பதும் தவறியவரை மீட்பதும் ஒரே போதனையே.

ஆகவே, முதலில் பிள்ளை சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். பாடசாலை விட்ட பின் வகுப்பாசிரியரைத் தனியே சந்தியுங்கள். எந்தச் சொல், எப்போது சொல்லப்பட்டது, அதனால் பிள்ளைக்கு நேர்ந்தது என்ன என்பதை அமைதியாகக் கூறுங்கள். அவர் காணும் குறையையும் கேட்டறியுங்கள். கண்பார்வையோ செவிப்புலனோ காரணமாக இருக்கலாம். இகழ்ச்சி தொடர்ந்தால் அதிபரையும், அதன்பின் வலயக் கல்வி அலுவலகத்தையும் நாடுங்கள். கொடுமை மிஞ்சினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. பாடசாலை ஒழுக்கம் சிறுவரின் மனித மாண்புக்கு ஒத்ததாக இருக்கவேண்டும் என்னும் 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுள்ளது.

"குருவை எதிர்ப்பதா?" என்று தயங்குகிறீர்களா? ஆசிரியர்களை உருவாக்கும் கலாசாலை அமைந்த மண் நம் கோப்பாய். ஆசிரியப் பணியின் மேன்மையை நாம் அறிவோம். அம்மேன்மைக்கு ஒவ்வாத சொல்லைப் பணிவுடன் சுட்டிக்காட்டுவது எதிர்ப்பாகாது.

இன்றிரவு செபத்தின்பின் உங்கள் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு, "நீ கடவுளின் சாயல்" என்று சொல்லுங்கள். அந்த ஆசிரியருக்காகவும் பிள்ளையுடன் சேர்ந்து செபியுங்கள்.