அரண்மனைகள் விடுதிகளான வரலாறு

அரசு உள்ளவரை அரண்மனைக்குக் குறைவில்லை. அரசு கைமாறிய பின்னர், நூற்றுக்கணக்கான அறைகளையும் பூங்காக்களையும் நீரூற்றுக்களையும் கொண்ட அம்மாளிகையைப் பேணுவார் யார் என்ற கேள்வி எழுகின்றது. பல நாடுகளிலும் எழுந்த இக்கேள்விக்கு இந்தியாவின் ராஜஸ்தான் பிரதேசம் கண்ட விடை சுவையானது. மகாராசாக்கள் துயின்ற மாளிகையில் இன்று வாடகை செலுத்துவோர் எவரும் துயிலலாம். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, இதனாற் பெற்றது யாது, இழந்தது யாது என்பன நேயர்கள் சிந்தித்தற்குரியன.

1947ஆம் ஆண்டில் பிரித்தானியர் இந்தியாவை விட்டு நீங்கியபோது அங்கே ஐந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட சுதேச சமஸ்தானங்கள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை ஒன்றன்பின் ஒன்றாக இந்தியாவுடன் இணைந்தன. ராஜபுத்திர சமஸ்தானங்களுட் பெரியவை பலவும் ஒன்றுசேர, 1949ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் திகதி ராஜஸ்தான் ஒன்றியம் உருவாயிற்று. ஆட்சியுரிமையைத் துறந்த மன்னர்களுக்கு அரசாங்கம் ஆண்டுதோறும் ஒரு தொகையை வழங்க உடன்பட்டது. இதனை மன்னர் மானியம் என்பர். ஆயினும், வரிப்பணம் முழுவதும் கையிலிருந்த காலத்திற் கட்டிய மாளிகைகளுக்கு அம்மானியம் எம்மாத்திரம்? கூரையைப் பழுதுபார்ப்பதற்கும், பூங்காவுக்கு நீர் பாய்ச்சுவதற்கும், பணியாளருக்குச் சம்பளம் கொடுப்பதற்கும் வழி காணவேண்டியதாயிற்று.

முதலில் துணிந்தவர்களுள் ஒருவர் ஜெய்ப்பூர் மகாராசா இரண்டாம் சவாய் மான் சிங். அவர் வாழ்ந்த ராம்பாக் மாளிகையின் கதை 1835ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. குழந்தையாயிருந்த ராம் சிங்கின் செவிலித்தாய்க்கென எழுப்பிய இல்லம் அது. பின்னர் வேட்டை மாளிகையாகி, இருபதாம் நூற்றாண்டில் விரிவுபெற்று, அரச வாசஸ்தலமாயிற்று. ராஜஸ்தானின் ராஜப்பிரமுகராக இருந்த மான் சிங்கின் பதவி 1956ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில், அதாவது 1957இல், ராம்பாக் விடுதியாகத் திறக்கப்பட்டது. செவிலியின் வீடு மன்னரின் மனையாகி, மன்னரின் மனை வழிப்போக்கரின் விடுதியாயிற்று.

உதயப்பூரின் ஜக் நிவாஸ் இன்னும் புகழ்பெற்றது. பிச்சோலா ஏரியின் நடுவே, ஒரு தீவு முழுவதையும் அடக்கி நிற்கும் வெண்ணிற மாளிகை அது. மேவார் மன்னர் இரண்டாம் ஜகத் சிங் 1743இல் தொடங்கி 1746இல் இதனை முடித்தார். வேனிற்காலத்து வெப்பத்தினின்றும் ஒதுங்கியிருத்தற்காக அமைந்த மாளிகையாதலால், தடித்த சுவர்களும், நிழல் தரும் முற்றங்களும், நீரைத் தழுவிவரும் காற்றும் அதன் சிறப்புக்களாகும். மகாராணா பகவத் சிங் இதனைப் புதுக்கி 1963இல் விடுதியாகத் திறந்தார். விருந்தினர் இன்றும் படகிலேயே அங்கு செல்லுகின்றனர்.

அரண்மனையை விடுதியாக்குதல் எளிய காரியமன்று. புதிதாகக் கட்டும் ஹோட்டலில் அறைகள் யாவும் ஓர் அளவினவாக இருக்கும். அரண்மனையிலோ ஓர் அறை மண்டபம்போல அகன்றும், அடுத்தது சிறுகூடம்போலக் குறுகியும் இருக்கும். அந்தப்புரத்துக்கென ஒருவழி, பணியாளருக்கென வேறுவழி. இத்தகைய கட்டடத்துள் நீர்க்குழாய்களையும் மின்சாரக் கம்பிகளையும் புகுத்தவேண்டும்; சித்திர வேலைப்பாடுகளுக்கோ ஊறு நேரக்கூடாது. சாந்து விடயத்திலும் கவனம் வேண்டும். பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தினால் ஆனவை. அவை ஈரத்தை உறிஞ்சி, மெல்ல மெல்ல வெளிவிடுவன. அவற்றின்மீது சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, பூச்சையும் கல்லையும் அரிக்கும். ஆதலின் பழைய முறைகளை அறிந்த கொத்தரும் கல்தச்சரும் இங்கே மீண்டும் வேண்டப்படுகின்றனர்.

1971ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் இருபத்தாறாவது திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. தயங்கிநின்ற அரச குடும்பங்கள் பலவும் அதன்பின் இவ்வழியை நாடின. அக்காலத்திலேயே ஜக் நிவாஸ், ராம்பாக் ஆகிய இரண்டினதும் நிருவாகத்தைத் தாஜ் நிறுவனம் ஏற்றது.

ஜோத்பூரின் உமைத் பவனம் தனியாகக் குறிப்பிடத்தக்கது. பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு வேலை கொடுக்கும்பொருட்டு மகாராசா உமைத் சிங் இதனைத் தொடங்கினார். 1929இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1943இல் வேலை முடிந்தது. திட்டம் வகுத்தவர் ஹென்றி வான் லான்செஸ்டர் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். இரண்டாம் உலக மகாயுத்தத்தினால் நாடிழந்து வந்த போலந்து ஓவியர் ஸ்டெபான் நோர்ப்ளின் உட்சுவர்களை ஓவியங்களால் அழகுபடுத்தினார். மாளிகை முடிந்து நான்கே ஆண்டுகளில் உமைத் சிங் காலமானார். நாடும் விடுதலை பெற்றது. இன்று அதன் ஒரு பகுதி விடுதி. ஒரு பகுதி அருங்காட்சியகம். எஞ்சிய பகுதியில் அரச குடும்பத்தினர் வாழ்கின்றனர்.

இவற்றால் விளைந்த நன்மை வெளிப்படை. இடிந்து வௌவால் அடையவேண்டிய மண்டபங்கள் விளக்கொளியுடன் நிற்கின்றன. சமையற்காரர் முதல் படகோட்டிவரை பலருக்குப் பிழைப்புண்டு. ஆயினும் மறுபக்கமும் உண்டு. ஓர் இரவு வாடகை சாதாரண குடும்பத்தின் மாத வருவாயையும் விஞ்சும். பஞ்சகாலத்திற் கல் சுமந்தோரின் பேரப்பிள்ளைகள் அவ்விடுதியில் விருந்தினராதல் அரிது. உமைத் பவனத்தின் அருங்காட்சியகமும், உதயப்பூர் நகர அரண்மனையில் 1969இல் அமைந்த அருங்காட்சியகமும் இக்குறையைச் சிறிது தீர்க்கின்றன. சிறு கட்டணத்தோடு எவரும் அங்கே நுழையலாம்.

இன்னொன்றும் உண்டு. பிச்சோலா ஏரி உதயப்பூர் மக்களுக்குக் குடிநீர் தரும் ஏரி. இந்நூற்றாண்டின் முதலாண்டுகளில் மழை பொய்த்தபோது ஏரி வறண்டது. நீரில் மிதப்பதுபோலத் தோன்றும் மாளிகையைச் சூழ வெடித்த நிலமே காணப்பட்டது. மாளிகை ஒருவர் உடைமையாக இருக்கலாம். அதற்கு அழகு தரும் நீரோ ஊரார் அனைவர்க்கும் பொதுவானது. குளத்தைக் காவாமல் மாளிகையை மாத்திரம் காத்தல் இயலாது.

அரண்மனையில் ஓரிரவு தங்குவோர் மெத்தையின் மென்மையையும் விருந்தின் சுவையையும் நுகர்தல் இயல்பே. அத்துடன், தாம் சாய்ந்திருக்கும் தூணைச் செதுக்கியவர் யார், அதற்குப் பொருள் ஈந்தவர் யார் என்று வினவுவாராயின், அவர் வாடகைக்கு மேலான ஒன்றைப் பெற்றுத் திரும்புவர். வாயிலோடு நின்று பார்ப்போருக்கும் அக்கேள்வியைக் கேட்க உரிமையுண்டு.