நள்ளிரவில் தாழப் பறந்தது எது?

பிரிட்டன் கிராமங்களில் சில இரவுகளில் வீடே அதிரும்படி ஏதோ தாழப் பறந்து செல்லும். உடனே வதந்திகளும் கிளம்பிவிடும். பெரும்பாலும் அது ராணுவப் பயிற்சிதான். அங்கே போர் விமானங்கள் 250 அடி வரை தாழ்ந்து பறக்க அனுமதி உண்டு.

ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலிகள், விமானம் அனுப்பும் சமிக்ஞையைப் பெற்றே அதன் இடத்தைக் காட்டுகின்றன. ராணுவ விமானம் அதை அனுப்பாவிட்டால் திரையில் தெரியாது. எனவே, செயலியில் காணவில்லை என்பது மர்மத்திற்குச் சான்றாகாது.

அப்போது நமக்குக் காதுதான் துணை. 'டப் டப்' என்று நெஞ்சில் அடிக்கும் ஓசை என்றால், இரட்டைச் சுழலிகள் கொண்ட சினூக் ஹெலிகாப்டராக இருக்கலாம். நேரத்தையும் திசையையும் குறித்துக்கொண்டு பாதுகாப்பு அமைச்சகத்திடம் கேட்கலாம்.

உறுதியாகத் தெரியும்வரை, கேள்விப்பட்டதைப் பிறருக்கு அனுப்பாதிருப்போம்.